வீட்டில் கட்டும் காருக்கு இலக்கத் தகடு: முதலில் பில், பிறகு பிரேக், கடைசியில்தான் பெயின்ற்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஆனாலும் ஒரு சின்னக் காரின் விலை கூலிக்கும் மாதச் சம்பளத்துக்கும் எட்டாத இடத்திலேயே நிற்கிறது. பழைய எஞ்சின், பொக்ஸ் பார் என்கிற சதுர இரும்புக் குழாய், பைபர் என்கிற கண்ணாடியிழை மூன்றையும் வைத்துச் சொந்தமாக ஒரு காரைக் கட்டிவிடலாம் என்று வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை கராச்சுகளில் பேச்சு எழுவது இதனால்தான். கைத்திறமைக்கு இங்கே குறைவில்லை. லேண்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்) இழுக்கும் பெட்டி கட்டுகிறவர்களும் பைபர் படகு வார்க்கிறவர்களும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். கட்டி முடித்த பிறகு அது கொட்டிலுக்குள்ளேயே நின்றுவிடுவதுதான் துயரம். அப்படி நிற்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும், மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் என்ன செய்து தர வேண்டும் என்பதை உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்ல விரும்புகிறோம்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பதிவில்லாத வாகனம் வீதியில் ஓட முடியாது. “சும்மா ஒரு ரவுண்ட் ஓடிப் பார்ப்போம்” என்று கல்லடிப் பக்கம் எடுத்துப் போவதும் இதற்குள் அடங்கும். பதிவு இல்லையென்றால் மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லை. காப்புறுதி இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரமும் இல்லை. அந்த நிலையில் ஒரு சைக்கிள்காரர் மீது பட்டுவிட்டால் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் கட்டியவரின் தலையில் விழும். பரிசோதனை ஓட்டத்தை மதில் போட்ட தனியார் காணியிலோ அறுவடை முடிந்து காய்ந்த சொந்த வயலிலோதான் செய்ய வேண்டும்.

பதிவுக்குப் போகிறவர்கள் பலர் அதிகாரி முதலில் வெல்டிங்கைப் பார்ப்பார் என்று எண்ணுகிறார்கள். அவர் முதலில் கேட்பது மூன்று கேள்விகள். இந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது? அதற்கு வரி கட்டியாயிற்றா? இந்தச் செசி (அடிச்சட்டம்) இலக்கம் யாருடைய வாகனத்துக்கு உரியது? களவெடுத்த வாகனத்தைப் பிரித்து வேறு இலக்கத்தில் பூட்டுவதும், வரி கட்டாமல் துண்டு துண்டாகக் கொண்டுவந்து இங்கே ஒட்டுவதும் நடக்கும் நாட்டில் இந்தக் கேள்விகளைக் குற்றம் சொல்ல முடியாது. நேர்மையாகக் கட்டுகிறவர் முதல் நாளிலிருந்தே பதிலைக் காகிதமாகச் சேர்க்க வேண்டும்.

வரியும் வீட்டில் கட்டும் காரும் பழைய உறவுக்காரர்கள். பிரித்தானியாவில் 1957இல் வந்த லோட்டஸ் செவன் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் உதிரிகளாக விற்கப்பட்டதற்குப் பெரிய காரணம், முழுக் காருக்கு இருந்த கொள்வனவு வரி உதிரித் தொகுதிக்கு இல்லாததுதான். 1973இல் அந்த வரி போய்ப் பெறுமதி சேர் வரி வந்ததும் அந்த இலாபம் இல்லாமல் போயிற்று. கட்டும் ஆசை மட்டும் போகவில்லை. அந்த நாடு அதைத் தடுக்காமல் ஒழுங்குபடுத்தியது. ஒற்றை வாகனத்துக்கான தனி அங்கீகாரப் பரிசோதனை ஒன்றை வைத்து, தேறினால் இலக்கம் கொடுக்கிறது. உதிரிகளின் வயதோ பிறப்போ தெரியாவிட்டால் ‘கியூ’ எழுத்தில் தொடங்கும் இலக்கம் கொடுத்து, பார்ப்பவருக்கே அது விளங்கும்படி செய்கிறது. பெரிதாக மாற்றிய வாகனம் பழைய இலக்கத்தை வைத்திருக்கலாமா என்பதற்கு நீண்டகாலமாக ஒரு புள்ளிக் கணக்கும் இருந்தது. செசிக்கு 5, சஸ்பென்ஷனுக்கு 2, அச்சுகளுக்கு 2, கியர்பொக்ஸுக்கு 2, ஸ்டியரிங்குக்கு 2, எஞ்சினுக்கு 1. மொத்தம் 14இல் 8 வந்தால் பழைய அடையாளம் நிலைக்கும். எஞ்சினுக்கு ஒரே ஒரு புள்ளி, செசிக்கு ஐந்து என்பதைக் கவனியுங்கள். வாகனத்தின் அடையாளம் செசியில் இருக்கிறது.

இங்கேயும் அதே நியாயம்தான். ஆகவே செலவைத் தொடங்கும் முன் இரண்டில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். ஒன்று, பதிவுள்ள பழைய வாகனம் ஒன்றின் செசியையும் இலக்கத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு மேலே உடலை மட்டும் மாற்றுவது. மற்றது, செசியையே புதிதாக வெல்டு செய்வது. இன்றைய நிலையில் கையில் பணம் குறைந்தவருக்கு முதலாவதே தக்க வழி என்பது எங்கள் உறுதியான எண்ணம். தனிச் செசி உள்ள பழைய ஜீப், பிக்கப் போன்றவை அதற்குப் பொருத்தம். உடலே செசியாக வரும் சின்னக் கார்களில் மேலே வெட்டினால் கீழே பலம் போய்விடும். முதலாவது வழியிலும் உடல் வகை, நிறம், எஞ்சின் இலக்கம், இருக்கை எண்ணிக்கை என்று பதிவுச் சான்றிதழில் உள்ள எது மாறினாலும் திணைக்களத்துக்கு எழுத வேண்டும். அனுமதியை வெட்டும் முன் கேட்பதே புத்தி.

பழைய வாகனம் வாங்கும்போது சான்றிதழில் முழு உரிமையாளர் என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதம் வந்து அந்தப் பெயர் நீங்கும் வரை ஒரு நட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். விபத்து வாகனமென்றால் காப்புறுதிக் கம்பனி விற்ற கடிதமும் பொலிஸ் அறிக்கையின் பிரதியும் வேண்டும். எஞ்சினைக் கொழும்பின் உதிரிச் சந்தையான பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் கல்முனையில் வாங்கினாலும் பில்லில் உங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், எஞ்சின் இலக்கம் மூன்றும் இருக்க வேண்டும். இறக்குமதி செய்தவரின் சுங்கப் பிரகடனத்தின் பிரதியையும் அன்றே கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் கடைக்காரருக்கு ஞாபகம் இருக்காது.

ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த வாகனத்தில் 17 எழுத்து அடையாள எண் இருக்காது. மொடல் குறியீடும் அதன் பின் ஆறு அல்லது ஏழு இலக்கங்களும் என்ற வடிவில் சின்னதாகவே இருக்கும். அதைப் பார்த்து “இலக்கம் குறைகிறது” என்று பயந்து இலக்கத்தைத் திருப்பிப் பொறிக்கப் போகாதீர்கள். இலக்கம் அடித்த இடத்தைக் கிரைண்டரால் தொடுவது, வேறு தகட்டை வெட்டி ஒட்டுவது, மேலே பட்டி பூசுவது மூன்றும் கட்டியவரைச் சந்தேகத்துக்கு உரியவராக்கும். கம்பித் தூரிகையும் மண்ணெண்ணெயும் கொண்டு துடைத்து, மெல்லிய கிரீஸ் பூசி, படம் எடுத்து வையுங்கள். கட்டிய பின்னும் அந்த இடத்தில் கை போக வேண்டும். பரிசோதகர் காகிதம் வைத்து உரசி எடுப்பார்.

புதிதாகச் செசி கட்டத் துணிந்தவர்களுக்கு இரும்பைப் பற்றிச் சில வார்த்தைகள். லோட்டஸ் செவன் வகைக் கார்களில் 25 மி.மீ. சதுரக் குழாய், 1.6 மி.மீ. கனம். எங்கள் பக்கக் கேற், கிரில் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கல்வனைஸ் பூச்சுள்ளது. அந்தத் துத்தநாகம் வெல்டிங் சூட்டில் ஆவியாகி மூட்டுக்குள் ஓட்டை விடும், புகை காய்ச்சலும் தரும். பூச்சில்லாத கறுப்புக் குழாயே வேண்டும். 0.8 மி.மீ. கம்பியுள்ள மிக் வெல்டிங் பிளாண்ட் இருந்தால் 1.6 போதும், ஆர்க் பிளாண்டில் 2.5 மி.மீ. வெல்டிங் கூர் வைத்தால் அந்தக் கனம் ஓட்டையாகும், 2 மி.மீ. குழாய் எடுங்கள். முழுவதையும் முதலில் புள்ளி வெல்டு வைத்து, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருந்தால் மட்டும் இடமும் வலமும் மாறி மாறி முழு வெல்டு ஓட்டுங்கள். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் போனால் சட்டம் முறுகும். பிறகு எவ்வளவு அலைன்மென்ற் செய்தாலும் கார் ஒரு பக்கம் இழுக்கும். சஸ்பென்ஷன் காதுகள் 3 மி.மீ. தகட்டில், இரண்டு பக்கமும் பிடிக்கும்படி இருக்க வேண்டும். போல்ற் 8.8 தரத்துக்குக் குறையக்கூடாது. மரை இல்லாத பாகமே பாரத்தைத் தாங்க வேண்டும். மரை பட்ட இடத்தில் அது அறுந்து வரும்.

பிரேக்கில்தான் வீட்டுக் கார்கள் அதிகம் தோற்கும். 1,000 கிலோ காருக்கு அளந்து செய்த பிரேக்கை 600 கிலோ காரில் பூட்டுகிறார்கள். எஞ்சின் இருக்கும் இடமும் மாறிவிடுகிறது. விளைவு, பின் சில்லு முன் சில்லுக்கு முந்தி நின்று வழுக்கும், கார் சுழன்று எதிர்ப்பக்கம் போகும். முன் சில்லே முதலில் இறுக வேண்டும் என்பது பிரித்தானியப் பரிசோதனையில் கட்டாயம். பின் குழாய்க்கு அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றைப் போட்டு, சரி பார்த்த பின் அது திரும்பாதபடி பூட்டிவிட வேண்டும்.

கால் பலத்துக்கு உதவும் சேர்வோவைக் கழற்றிவிட்டு, பிரேக் ஒயிலை அழுத்தும் அதே மாஸ்டர் சிலிண்டரை வைப்பதும் பொதுவான பிழை. மிதி கல்லாகிவிடும். சேர்வோ இல்லாவிட்டால் மிதியின் நெம்பு விகிதம் 5க்கு 1 முதல் 6க்கு 1 வரை வேண்டும். மாஸ்டரின் துளையையும் சிறிதாக்க வேண்டும். 22.2 மி.மீ. துளையிலிருந்து 19 மி.மீ.க்கு இறங்கினால் அதே கால் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் அழுத்தம் வரும். அதே அளவுக்கு மிதி கீழே போகும் தூரமும் கூடும் என்பதை மறக்க வேண்டாம். முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று இரட்டைச் சுற்றுள்ள மாஸ்டரே வேண்டும். குழாய் 4.75 மி.மீ. உருக்கு அல்லது செம்பு-நிக்கல். ஏசி வேலைக்கான வெறும் செம்புக் குழாய் அதிர்வில் இறுகி வெடிக்கும். 30 சென்ரிமீற்றருக்கு ஒரு கிளிப் போடுங்கள். ஸ்டியரிங்கை முழுக்க இரு பக்கமும் ஒடித்து, சில்லைத் தொங்கவிட்டு, ரப்பர் ஹோஸ் எங்கும் உரசவில்லை என்று பாருங்கள். டொட் 3, டொட் 4 பிரேக் ஒயில்கள் கலக்கலாம். சிலிக்கன் டொட் 5ஐக் கலக்கக் கூடாது.

இயந்திரம் இல்லாமலே அளக்கலாம். 50 வீதப் பிரேக் என்றால், அதாவது பிரேக் பலம் காரின் எடையில் பாதி என்றால், மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் 7 மீற்றரிலும், 50 கி.மீ. வேகத்தில் 20 மீற்றரிலும் நிற்கும். சுண்ணாம்புக் கோடு போட்டு உலர்ந்த கொங்கிரீற் தளத்தில் பாருங்கள். மணலும் வயலும் பொய் சொல்லும். கைப்பிரேக் கேபிளால் இழுக்க வேண்டும், ஒயிலால் அல்ல. அதற்கு 16 வீதம் என்பது 6 மீற்றர் நீளத்துக்கு 1 மீற்றர் உயரும் சரிவில் நிற்பது. மட்டக்களப்பில் அப்படி ஒரு சரிவைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நெல் மூட்டை நிறுக்கும் கொக்கித் தராசைக் கயிற்றில் கட்டி இழுங்கள்; ஆளோடு 600 கிலோ நிறையுள்ள கார், கைப்பிரேக் போட்ட நிலையில் 96 கிலோ இழுவைக்கு அசையக்கூடாது. தராசு அவ்வளவு காட்டாவிட்டால் கப்பி ஒன்றைப் போட்டுப் பாதியாக்குங்கள்.

திருப்பிய பின் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வர வேண்டும். எடை குறைந்த காரில் இது வராமல் போவது பலரும் எதிர்பாராத கோளாறு. பவர் ஸ்டியரிங் உள்ள காரின் பாகங்களைப் போட்டுப் பவரை மட்டும் கழற்றியிருப்பார்கள், அல்லது காஸ்டர் கோணம் (முன் சில்லின் திருப்பு அச்சு பின்னுக்குச் சாயும் அளவு) போதாமல் இருக்கும். 5 பாகைக்கு மேல் காஸ்டர் வைத்தால் பெரும்பாலும் சரியாகும். தண்டின் இரண்டு யுனிவர்சல் மூட்டுகளும் ஒன்றுக்கொன்று தப்பாகப் பொருந்தியிருந்தால் சுற்றும்போது இறுகி இறுகி விடும். அதைக் காஸ்டரால் தீர்க்க முடியாது.

லைற் உயரங்களுக்குப் பல நாடுகளில் பொதுவான அளவுகள் உண்டு. டிம் லைற் நிலத்திலிருந்து 500 முதல் 1,200 மி.மீ.க்குள். சிக்னலும் பின் சிவப்பும் 350க்குக் குறையாமல். சிவப்புப் பிரதிபலிப்பான் 250 முதல் 900க்குள். இவை எல்லாம் காரின் வெளி ஓரத்திலிருந்து 400 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சிக்னல் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மின்ன வேண்டும், எல்.ஈ.டி. பல்ப் போட்டுப் பழைய பிளாஷரை வைத்தால் அது வெறிகொண்டு மின்னும், பிளாஷரையும் மாற்றுங்கள். இரவில் மாடு படுக்கும் வீதிகள் எங்களுடையவை. ஹெட்லைற்றுக்கு ரிலே வைத்து முழு வோல்ற்றேஜையும் கொடுப்பது இங்கே ஆடம்பரம் இல்லை. பைபர் உடல் எர்த் ஆகாது. ஒவ்வொரு லைற்றுக்கும் தனி எர்த் வயர் இழுத்துச் செசியில் சேருங்கள். வாவிக் காற்றும் கடற்காற்றும் எர்த் முனையைத்தான் முதலில் தின்னும். மார்கழி வெள்ளத்தை நினைத்து பியூஸ் பெட்டியையும் இணைப்புகளையும் இருக்கை மட்டத்துக்கு மேல் வையுங்கள்.

பைபர் வேலைக்குப் படகுக் காரர்களே ஆசான்கள். சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடியிழை மட்டை மூன்று படை போட்டால், 10 சதுர மீற்றர் உடலுக்கு மட்டை 13.5 கிலோவும் ரெசின் சுமார் 30 கிலோவும் ஆகும். எங்கள் வெயிலில் கிலோ ரெசினுக்கு 10 மில்லி லீற்றர் கடினமாக்கி போதும். கூட ஊற்றினால் சூடேறி வெடிக்கும். வெளியே தெரியும் எந்த விளிம்பும் 2.5 மி.மீ. ஆரத்தைவிடக் கூராக இருக்கக்கூடாது என்பது பிரித்தானிய விதி. பாதசாரியின் உடலைக் கிழிக்காமல் இருப்பதற்கு அது. சீற் பெல்ற்றின் போல்ற்றை ஒருபோதும் பைபரில் மாட்ட வேண்டாம். 3 மி.மீ. தகட்டோடு செசியில் வெல்டு செய்த நட்டில், பெல்ற்றோடு வரும் 7/16 அங்குலப் போல்ற்றால் மாட்டுங்கள்.

டயர் அளவு மாறினால் வேகமானியும் பொய் சொல்லும். 155/80 13 டயரின் விட்டம் 578 மி.மீ. அதை எடுத்துவிட்டு 195/65 15 போட்டால் 634 மி.மீ. மானி 50 காட்டும்போது கார் 55இல் ஓடும். நெல் ஆலையில் லொறி நிறுக்கும் வேபிரிட்ஜில் முன் சில்லை மட்டும் ஏற்றி ஒரு சீட்டும், முழுவதும் ஏற்றி ஒரு சீட்டும் எடுங்கள். விண்ணப்பத்தில் எழுதும் வெறும் எடைக்கு அதுவே ஆதாரம்.

இனித் திணைக்களத்திடம் எங்கள் வேண்டுகோள். தனி ஒருவர் கட்டும் ஒற்றை வாகனத்துக்கு என்ன காகிதம், என்ன பரிசோதனை, எவ்வளவு கட்டணம் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரே ஒரு பக்க அறிவித்தல் வெளியிடுங்கள். வரைபடத்தையும் உதிரிகளின் பட்டியலையும் முதலில் வாங்கிப் பார்த்து, ஆகும் அல்லது ஆகாது என்பதை வெல்டிங் தொடங்கும் முன்னரே சொல்லுங்கள். ஒரு குடும்பம் சேமித்த காசு கொட்டிலுக்குள் துருப்பிடிப்பதை அந்த ஒரு கடிதம் தடுக்கும். கள்ள வியாபாரம் பற்றிய பயம் நியாயமானது. அதற்கு, ஒருவருக்கு ஒரு வாகனம், ஐந்து வருடத்துக்குக் கைமாற்ற முடியாது என்று நிபந்தனை போடலாம். வெல்டிங்கையும் பிரேக்கையும் பார்க்க கொழும்பில் திணைக்களம் இருக்கும் நாரஹேன்பிட்ட வரைதான் போக வேண்டும் என்றில்லை. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் இருக்கிறது, மட்டக்களப்பில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, அம்பாறையில் ஹார்டி உயர் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்கே அளந்து ஒப்பமிட்ட அறிக்கையை முதற்கட்டச் சான்றாக ஏற்கலாம். பரிசோதகர் ஆண்டுக்கு இரண்டு நாள் மாவட்டத்துக்கு வந்தாலே போதும்.

அந்த நாள் வரும்போது காரை ஓட்டிப் போக வேண்டாம், தட்டையான லொறியில் ஏற்றிப் போங்கள். தாங்கியில் கால்வாசி பெற்றோல் இருக்கட்டும். சீற் பெல்ற் போல்ற்றும் பிரேக் குழாயும் தெரியும்படி தரைவிரிப்பைப் போடாமல் விடுங்கள். கட்டும்போது மூட்டுக்கு மூட்டு எடுத்த படங்களைத் திகதி வரிசையில் அச்சடித்து, பில்களின் மூலப் பிரதிகளோடு ஒரே கோவையில் கோத்துக் கையில் வையுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் தொழில் செய்வோர் சிலர்,
மட்டக்களப்பு – கல்முனை.